மூன்றாம் வங்கு

தடைக்காலத்தின் பத்தொன்பதாம் நாள் இரவு
அது என் காதைக் கடித்தது.
வீட்டுக்குள் வெக்கை; கரையேற்றிய வள்ளத்தில் படுத்திருந்தேன்.
கருப்பாய், கால் நீண்டு,
தட்டிவிட்டால் திரும்பி நின்று முறைக்கிற ரகம்.

விடிந்து பார்த்தால்
மூன்றாம் வங்குக்கு அடியில் மரத்தூள்,
சலித்துக் கொட்டிய மாவுபோல.
நடுவே ஓர் ஈயின் சிறகு.

எட்மண்ட் என் தங்கை மாப்பிள்ளை.
வள்ளத்தில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு.
எந்தப் பாதி யாருக்கு என்று
கூடுதாழையில் இதுவரை யாரும் கேட்டதில்லை.
"மரத்தத் தின்னுது மச்சான்" என்றான்.
தின்னவில்லை. தின்பது கரையான்.
கட்டெறும்பு குடைந்து வெளியே தள்ளும்,
கிணறு வெட்டுகிறவன் மண்ணைத் தள்ளுவதுபோல.

டப்பா தீரும்வரை மருந்து அடித்தான்.
அன்றைக்கு அமைதி.
மறுநாள் அணியத்தில் ஒரு வரிசை,
இன்ஜின் கட்டையில் ஒரு வரிசை,
டீசல் கேன் பிடியில் முட்டை சுமந்து ஒரு கூட்டம்.
ஒரே குடும்பத்தை மூன்றாக்கியிருந்தான்.
எங்கள் ஊரில் அதற்கு
மூன்று சென்ட் மனை வேண்டியிருக்கும்.

திசையன்விளைக்குப் பஸ் ஏறினேன்.
கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடர், நாலு டப்பா.
"டோர்ணமென்டா அண்ணாச்சி?" என்றான் கடைப்பையன்.
ஆமாம் என்றேன்.
கருப்பட்டி, தங்கை வீட்டுப் பானையிலிருந்து
சொல்லாமல் எடுத்த இரண்டு வட்டு.
பாகாய்க் காய்ச்சி, கரண்டிக்கு ஒரு சிட்டிகை.
கூடினால் தின்ற இடத்திலேயே சாகும்.
குறைந்தால்தான் கூட்டுக்குப் போகும்,
ராணிக்கு ஊட்டும்.

சோடா மூடிகளில் ஊற்றிவைத்து
உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.
வரிசை கண்ணெதிரே வருகிறது, குடிக்கிறது, போகிறது.
கட்டைவிரல் துறுதுறுக்கிறது.
"விருந்தா வைக்கீரு?" என்று கேட்டுவிட்டு
எட்மண்ட் வலை பொத்தப் போய்விட்டான்.

பன்னிரண்டு நாள்.
பதின்மூன்றாம் நாள் மூடிகளில்
பாகு அப்படியே ஆடை படர்ந்து கிடந்தது.

ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன்.
டக். டக்.
மூன்றாம் வங்கில் பூசணிக்காய்.
பலகையைப் பெயர்த்தோம்.
உள்ளே அறை அறையாய்,
உப்புத்தாள் தேய்த்த வழவழப்பு.
ஒரு மூலையில் ராணி, கவிழ்ந்து,
என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

ஒரு மாத வெயிலிலும் அந்த மரம் காயவில்லை.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை.
கடல் உள்ளே வரவில்லை.

போன ஐப்பசியில் ஐஸ்பெட்டி பொருத்த
அங்கே துளை போட்டவன் நான்.
அடைக்க எம்சீல் இல்லை,
நாளைக்குப் பார்ப்போம் என்றவனும் நான்.
எத்தனை ஐஸ் அதற்குள் உருகியிருக்கும்.
மெத்தென்று ஆனபின்தான்
அவை குடிவந்திருக்கின்றன.

எட்மண்டும் விரலை விட்டு நக்கினான்.
என்னைப் பார்த்தான்.
"புது வங்குக்கு அயினியா, வேம்பா?" என்றான்.

ஜூன் பதினாலு, நடு இரவு தாண்டி இறக்கினோம்.
ஏழு பாகத்தில் வலை விடும்போது
மணிக்கட்டில் ஒன்று ஊர்ந்தது.
எங்கே ஒளிந்திருந்ததோ.
ஊதினேன். பற்றிக்கொண்டது.

"ஒம்ம தங்கச்சிட்ட நான் ஒண்ணும் சொல்லல"
என்றான் எட்மண்ட், இன்ஜின் சத்தத்துக்கு நடுவே.
துளையையா, கருப்பட்டியையா,
நான் கேட்கவில்லை.