ஓடும் வரி

நீரோடியில் தமிழ்நாடு முடிகிற இடத்தில்
மின்கம்பத்தின் நிறம் மாறும், அவ்வளவுதான்.
எங்கள் கேபிள் அதைக் கவனிக்காமல்
தென்னைக்குத் தென்னை தாவி
பொழியூருக்குள் போய்விட்டது.

தொடங்கும்போது ஒரே கேமரா,
ஸ்தனிஸ்லாஸ் அண்ணனின் கல்யாணக் கேமரா.
கோல் விழுந்தால் பழக்கதோஷத்தில்
கூட்டத்தில் அழகான முகம் தேடிப் போகும்.
முதல் வருஷம் நாங்கள் காட்டிய பதினோரு கோல்களில்
நான்குதான் படத்தில் இருந்தன.
மற்ற ஏழும் லூயிசன் வாயால் விழுந்தவை.

பேர் 'கரை ஸ்போர்ட்ஸ்'. சேனல் நாற்பத்தேழு.
நாற்பத்தாறில் ஜெபம், நாற்பத்தெட்டில் நகைக்கடை.
முதல் பாதி தமிழ், இரண்டாம் பாதி மலையாளம்
என்றுதான் பேச்சு.
லூயிசனுக்குக் கோபம் வந்தால்
இரண்டும் ஒரே மூச்சில் வரும்:
"எடா, எந்தா பாத்துக்கிட்டு நிக்கிறே, அடிடா!"
இரண்டு பக்கமிருந்தும் திட்டி போன் வரும்.
எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கு
அதைவிட்டால் எங்களிடம் வேறு கணக்கில்லை.

என் வேலை திரையின் அடியில்.
ஓடும் வரி தட்டுவது.
சின்னத்துறை 2, வள்ளவிளை 1.
ஐஸ் கட்டி மொத்த விலைக்கு.
கொச்சியில் கரைசேர்ந்த விசைப்படகின் பேர்.
ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவே
சின்னதாய் ஒரு பந்து சுழன்றுகொண்டே போகும்.
பாறசாலைப் பையன் செய்து தந்த மென்பொருள்.
பந்து வேண்டும் என்று
நான்தான் கேட்டு வாங்கினேன்.

புயல் வந்த வாரம் ஆட்டம் இல்லை.
கோல் கம்பம் ஒன்று சாய்ந்து
மைதானத் தண்ணீரில் தன்னையே பார்த்துக் கிடந்தது.
மூன்றாம் நாள் காலை, கோயில் கமிட்டியிலிருந்து
ஒரு நோட்டுத்தாள்.
மத்தியானம் இன்னும் இரண்டு.
இரண்டு மாநிலத்து வீடுகளிலும் ஓடுகிற வரி
அன்றைக்கு எங்களுடையது ஒன்றுதான்.

தட்டினேன்.
ததேயூஸ், 31.
பந்து.
ஜெரின், 19.
பந்து.
அவனுடைய சித்தப்பா, அதே படகு.
பந்து.

எடுக்கப் பார்த்தேன். எழுத்தின் நிறம் மாறியது,
வேகம் மாறியது, பின்னணி கறுப்பானது,
பந்து போகவில்லை.
பாறசாலைக்குப் போன் கிடைக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தட்டிய பேர்கள்தான்
பாதிக்கு மேலே.
விரல்களுக்கு மனப்பாடம்.

ஜெரினின் அம்மா மழையில் நனைந்து வந்தாள்.
"பெரிய ற போடு பிள்ளே.
ஆட்டத்தப்பவும் நீங்க தப்பாத்தான் போட்டிய."
திருத்தினேன். அது ஒரு சுற்று ஓடி முடியும்வரை நின்றாள்.
பந்தைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை,
யாருமே சொல்லவில்லை.

எட்டாம் நாள் லட்சத்தீவிலிருந்து தகவல்.
ததேயூஸ் பேரை அழித்தேன்.
இரண்டு பந்துகள் ஒட்டிக்கொண்டு ஓடின.
ஊர் வந்தவன் நேராக எங்கள் மாடிக்கு ஏறினான்.
தூத்தூர் அணியின் கோலி அவன்.
"எம் பேருக்குப் பக்கத்துல பந்து ஓடிச்சாமே?
அப்போ நான் பிடிச்சிட்டேன்னு
உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"
சிரித்தான். உதடு வெடித்திருந்தது.
பிறகு பட்டியலைக் காட்டச் சொல்லி
உட்காராமல் பார்த்தான்,
மூன்று சுற்று.

பெட்டி வைக்கும் காலம் வந்தது.
நாற்பத்தேழை ஒரு கம்பெனி வாங்கியது,
இப்போது அதில் மீன் வறுக்கிறார்கள்.
நாங்கள் போனில் ஓடுகிறோம். இரண்டு கேமரா,
லூயிசனுக்குப் புது மைக், அதே கோபம்.
பாறசாலைப் பையன் மென்பொருளை மாற்ற வந்து
"பந்து வேணுமா, எடுத்துரட்டுமா?" என்று கேட்டான்.
டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று
கீழே இறங்கிவிட்டேன்.

போன ஞாயிறு, வள்ளவிளைக்கு எதிராக
எழுபதாவது நிமிஷத்தில் ஒரு கோல்.
கேமரா இரண்டும் சரியாகப் பிடித்தன.
அடித்தவன் ஷெறின், பதினேழு வயது,
ஜெறினின் தம்பி.
பெரிய ற போட்டேன்.
அதற்கப்புறம் பந்து.