மூன்றாம் மாடித் திருப்பம்

பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்கில்
லிஃப்ட் நின்று பதினோரு நாள் ஆனபோது
பையனின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்:
"லிஃப்ட் ஓடாது. தண்ணீர் லாரி ஆறரைக்கு."
நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி
மூன்றாம் மாடி திரும்புகிற சுவரில் ஒட்டினேன்.

மூன்றாம் மாடி ஏனென்றால்
அங்கேதான் எல்லோருக்கும் மூச்சு வாங்கும்.
குடத்தை இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்து,
கண்ணுக்கு எதிரே ஏதாவது வேண்டியிருக்கும்.

மறுநாள் லாரி வரவில்லை.
அதையும் எழுதினேன்.
தாளில் பாதி மிச்சமிருந்தது.
சும்மா விடுவானேன் என்று
சோழிங்கநல்லூர் கம்பெனியில் நான் துடைக்கிற மேஜைகளில்
ஒரு மேஜையில் மட்டும் தினமும்
பாதி சமோசா மிச்சம் இருப்பதை எழுதினேன்.
கடித்த பாதி இல்லை.
பிய்த்து, பேப்பரில் மடித்து வைத்த பாதி.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு வாரம். ஒன்பது நாள்.
இறங்கும்போதும் ஏறும்போதும் ஓரக்கண்ணால் பார்ப்பேன்.
பூங்காவனம் அக்கா தாள்மேல் கை ஊன்றி இளைப்பாறுவாள்,
அவளுக்கு எழுத்து தெரியாது.
ஈரக் கை. மை ஊறிப் பரவும்.
ஊறிய சொற்களை மட்டும் மறுபடி எழுதுவேன்.

பத்தாம் நாள்
'சமொசா' என்று நான் எழுதியிருந்ததில்
கொம்புக்கு ஒரு சுழி சேர்த்து
சிவப்பு மையில் யாரோ திருத்தியிருந்தார்கள்.
ஏழு மாடியும் அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் கொஞ்சம் ஆட்டம் போட்டேன்.
எல்லோருக்கும் பிடிக்கணுமே என்று
இரண்டு நாள் பொன்மொழி.
மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோ ஜெபராஜ் வழிமறித்தான்:
"இதெல்லாம் காலண்டர்லயே கீதுக்கா.
அந்த சமோசா ஆளு இன்னா ஆனான்?"

சமோசா ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான்.
மேஜையில் துடைக்க ஒன்றும் இல்லை.
இருந்தும் துடைத்தேன்.
இதை ஐந்து வரியில் எழுதி
முதல்முறையாகக் கீழே பெயரும் போட்டேன்:
தேவகிருபை, ஏழாம் மாடி.
அன்று படிக்கட்டில் நெரிசல்.
ஜுலைகா உரக்க வாசித்தாள்.
பூங்காவனம் அக்கா கேட்டுவிட்டு
"வச்சிட்டுப் போன பாதி
யாருக்குன்னு நீ கேக்கவே இல்லியே" என்றாள்.
எனக்குத் தோன்றவே இல்லை அது.

தினமும் முடியவில்லை.
செவ்வாய்க்குச் செவ்வாய் என்று வைத்துக்கொண்டேன்.
பையனுக்கு ஜுரம் கண்ட செவ்வாயில் தாள் இல்லை.
வெறும் சுவரில் பென்சிலால் ஒரு சொல்:
"இன்னிக்கி?"
எனக்கு வந்த கடிதங்களில்
கரெண்ட் பில்லையும் சேர்த்து
அதுதான் நல்லது.

ஆவணியில் லிஃப்ட் ஓடியது.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்,
முழங்கால் வலி எனக்கும் உண்டு.
அந்தச் செவ்வாய்
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
ஒரு பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.
ஒட்டிவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன்.
ஒருவரும் வரவில்லை.
பக்கத்துச் சுவருக்குள்
லிஃப்ட் போய்ப் போய் வந்தது,
என் ஜனங்களை நிரப்பிக்கொண்டு.

"உள்ள ஒட்டுக்கா" என்றான் ஜெபராஜ்.
உள்ளே என்றால்
உச்சி மாடிக்கு நாற்பது நொடி.
முதல் மாடிக்காரருக்கு ஐந்து.
ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து
வாய்விட்டுப் படித்து எண்ணிப் பார்க்கிறேன்.
அறுபத்திரண்டு. அடிக்கிறேன்.
ஐம்பது. மழையை எடுத்துவிடுகிறேன்.
நாற்பத்து மூன்றில் நிற்கிறது
எனக்குப் பிடித்த ஒரு வரி,
அதைத் தொட மனசு வரவில்லை.
மூன்று நொடி கதவைப் பிடித்துக்கொள்ளட்டும் யாராவது.

அந்த வரி இல்லாத தாள் லிஃப்டுக்கு,
உள்ள தாள் படிக்கட்டுக்கு என்று
இப்போது இரண்டு எழுதுகிறேன்.
படிக்கட்டுத் தாள் பூனைக்கா என்று ஜுலைகா சிரிக்கிறாள்.
போன வாரம் அதைப் பிய்க்கப் போனால்
எனக்குப் பிடித்த அந்த வரியில்
விட்டுப்போன ஒரு புள்ளி.
சிவப்பு மையில்.