ஒற்று மிகாத இடம்

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
ஆல்துரை போனில் கேட்டான்:
"கோத்தகிரி எங்கே?"

நான் கோத்தகிரியில்தான் இருந்தேன்.
காம்பாய்க்கடை ஏற்றத்தில் ஒரு மாடி அறை,
சுவெட்டருக்கு மேல் சால்வை,
நிமிஷத்துக்கொரு தரம் விக்கும் யூபிஎஸ்.
ஜன்னலில் மூட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஊர் தெரியவில்லைதான்.
அவன் கேட்டது அதையல்ல.

தேயிலை எடைக் கணக்கு மென்பொருள் எங்களுடையது.
கொள்முதல் நிலையத்துக்கு ஒரு கோப்புறை:
கட்டபெட்டு, அரவேணு, சோலூர்மட்டம்,
கோத்தகிரி,
கீழ் கோத்தகிரி.
ரசீதில் ஊர்ப்பெயர் தமிழில் வரட்டும் என்று
கோப்புறைக்கும் தமிழிலேயே பெயர் வைத்தது நான்.
எடைக் கணக்கையும் அச்சுக்குப் போகும் ரசீதையும்
ஒரே இடத்தில் போட்டதும் நான்தான்.

ஒவ்வொரு பில்டுக்கு முன்னும்
பழையதைத் துடைக்கும் விதி ஒன்று ஓடும்.
பட்டியலில் பெயரை எடு, அழி, அடுத்ததற்குப் போ.
அன்றைக்குப் பட்டியலில் ஒரே பெயர்,
கீழ் கோத்தகிரி.
விதி அதைப் படித்தது
இரண்டு பெயராக.

கீழ்: அப்படி ஒன்றும் இல்லை.
இல்லாததைப் பற்றி முணுமுணுக்காதே என்று
அதற்கு முன்னமே சொல்லிவைத்திருந்தது.
முணுமுணுக்கவில்லை.
கோத்தகிரி: இருந்தது.

இருநூற்றுப் பதின்மூன்று பேர்
ஒரு மாதம் கிள்ளிய இலை.

யார் எழுதிய விதி என்று ஆல்துரை கேட்கவில்லை.
வரியின் ஓரத்திலேயே இருந்தது,
நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூன்,
என் பெயர்,
பக்கத்தில் ஒரு குறிப்பு:
"இப்போதைக்கு."

எடை போடும் தவமலர்
அடிக்கட்டைகளை உரச்சாக்கில் கொண்டுவந்து
அறை நடுவே கொட்டினாள்.
ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய தாள்கள்.
ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து பிரித்தோம்.
கார்பன் மை பரவிய ஓர் எண்,
பதினேழா, எழுபதா?
"லிங்கம்மாவுக்கு எழுபது எப்படி வரும்,
தோட்டமே முக்கால் ஏக்கர்" என்றாள்.
பதினேழு என்று அடித்தேன்.
மறுநாள் லிங்கம்மாவே வந்து
இருபத்தேழு என்றார்.
திருத்தினேன்.
மூன்று நாள் இப்படியே.

நாலாம் நாள்தான் விதியைத் திறந்தேன்.
பெயருக்கு இரு பக்கமும் மேற்கோள் குறி:
உள்ளே எத்தனை சொல் இருந்தாலும்
அது ஒரே ஊர்.
நீ உண்டாக்கியதை மட்டும் அழி.
உண்டாக்கும்போதே அதை எழுதிவை.
பெயர் வெறுமையாய் வந்தால் நில்.
இல்லாததை அழிக்கச் சொன்னால்
முணுமுணு,
கத்து,
மேலே ஒரு அடி போகாதே.

சோதனைக்குப் பொய்யாய் ஒரு கோத்தகிரி,
பொய்யாய் ஒரு கீழ் கோத்தகிரி.
ஓடவிட்டு, கைகளை எடுத்து
அக்குளில் வைத்துக்கொண்டேன்,
குளிருக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு.
கோத்தகிரி நின்றது.

கீழ் என்ற சொல்லுக்குப் பின்னால்
வல்லினம் மிகலாம், மிகாமலும் இருக்கலாம்.
இலக்கணத்துக்கு இரண்டும் சம்மதம்.
அன்றைக்கு ஒரு க் போட்டுச்
சேர்த்து எழுதியிருந்தால்
இத்தனையும் நடந்திருக்காது என்று
நாள் பூராவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.
நடந்திருக்காது.
விதி மட்டும் உடைந்தே கிடந்திருக்கும்,
வேறோர் ஊர்ப்பெயரின்
இடைவெளிக்குக் காத்துக்கொண்டு.

காலையில் பஸ் ஸ்டாண்டு.
பலகையில் கீழுக்கும் கோத்தகிரிக்கும் நடுவே
ஓர் எழுத்து அகலத்துக்கு வெறும் மஞ்சள்,
அதில் ஒரு சொட்டு நீர்.
கண்டக்டர் படியில் தொங்கியபடி
ஒரே மூச்சில் கூப்பிடுகிறார்,
கீழ்க்கோத்திரி கீழ்க்கோத்திரி கீழ்க்கோத்திரி.
காலிச் சாக்கை நாலாய் மடித்து
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தவமலர் ஏறினாள்.