ஒரு சாண் நாலு விரல்

ஆடி வெள்ளி மத்தியானம்
எத்திராஜ் வண்டியிலிருந்து குடுவையை இறக்கினார்.
மூடி திறந்ததும் எழுந்த பனிப்புகை
பள்ளிகொண்டா வெயிலைப் பார்த்து
ஒரு கணம் தயங்கிக் காணாமல் போனது.
உள்ளே குச்சி குச்சியாகக் காளைகள்.

"ஜெர்சி கீது, எச்.எப். கீது.
இது தலைச்சன், சின்ன ஒடம்பு.
ஜெர்சியே போட்டுக்கலாம்மா."

நான் மாட்டைப் பார்க்கவில்லை.
சொசைட்டி அட்டையைப் பார்த்தேன்,
கடன் பிடித்தது போக நின்ற தொகையை.
"அந்தப் பெரிய காளையோட அம்மா எவ்ளோ கறக்கும்?"
"முப்பத்தாறுன்னு போட்டுக்கீறான்."
பாதியாக்கினேன்.
நம் ஊர் வெயிலுக்கு ரெண்டு கழித்தேன்,
புண்ணாக்கு விலைக்கு ரெண்டு.
அப்போதும் பதினாலு நின்றது.
"பெருசே போடுங்க."

நீல அட்டை நோட்டில்
தேதி, காளை எண், தாயின் கறவை.
மூன்று கட்டங்களுக்குத்தான் கோடு போட்டிருந்தேன்.

பொய்கைச் சந்தையில் வாங்கியதால் அவள் பெயர் பொய்கை.
மார்கழியில் வலப்பக்கம் மேடு தட்டியது.
பங்குனியில் வாசல்படிக்குள் நுழையாத வயிறு.
பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்,
கன்று பெரிது என்று.

சித்திரை பத்து, ராத்திரி ஒன்றரை.
பனிக்குடம் உடைந்து
முதலில் இரண்டு குளம்பு,
பிறகு ஒரு நாக்கு.
அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்
எதுவும் வரவில்லை.
நாக்கு மட்டும் நீலமாகிக்கொண்டே இருந்தது.

ஜபருல்லா கயிறு கொண்டு வந்தார்.
ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் என் முழங்கைவரை வழிந்தது.
"முக்கும்போது மட்டும் இஸ்து புடி,
அவ நிறுத்துனா நீயும் நிறுத்து"
போனிலிருந்து டாக்டர் தஸ்லிமா கத்தினார்.
நாலு மணிக்கு அவரே வந்தார்,
பல்லிடுக்கில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு.

எங்கேயோ ஒரு எலும்பு
வழிவிட்டது போலச் சத்தம்.
சாக்கு மூட்டை விழுவதுபோல் விழுந்தது கன்று.
மூக்கில் வைக்கோல் நுழைத்தோம். தும்மியது.

ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து
டீ இடைவேளையில் அவர் கூப்பிட்டார். "கிடேரியா?"
பால் ஊற்றும் இடத்தில் கேட்டார்கள். "கிடேரியா?"
கீரை விற்க வந்தவளும் கேட்டாள்.
நான் மட்டும் என்ன,
தும்மல் நிற்கும் முன்னே
வாலைத் தூக்கித்தான் பார்த்தேன்.
காளங்கன்று.

தஸ்லிமா மட்டும்
தினம் இரண்டு தடவை போன் போட்டு
வேறு கேள்வி கேட்டார்:
"எழுந்துச்சா?"

பொய்கை எழவில்லை.
வீடு கட்டி மிஞ்சியிருந்த மணலைப் பரப்பி
மூன்று மணிக்கொரு தரம் புரட்டினோம்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
படுத்தவாறே கறந்த சீம்பாலை
அவள் கண்ணெதிரே அதற்கு ஊட்டினேன்.
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
ஒன்றுமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நாலாம் நாள் விடியலில்
பின்னங்கால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்க,
நடக்கப் பழகுகிறவள்போல நின்றாள்.
அன்றைக்கு ஆறு லிட்டர்.

அடுத்த வாரம் பக்கத்து முளையில் செவலை கத்தியது.
வழும்பு கண்ணாடியாய்த் தொங்கியது.
காலையில் கத்தினால் சாயங்காலம்.
எத்திராஜ் வந்தார், அதே குடுவை, அதே புகை.
"எது?"

"இருங்க" என்று சொல்லி
அவள் பின்னால் போய்
இடுப்பெலும்புக்கு இடையே கையை விரித்தேன்.
ஒரு சாண். நாலு விரல்.
நோட்டில் கட்டம் இல்லை.
ஓரத்தில், தைத்த நூலை ஒட்டி,
நுணுக்கி எழுத வேண்டியிருந்தது.

"லிட்டர் கேக்கல?" என்றார்.
கேட்கத்தான் வேண்டும்.
பத்தாம் தேதி தவணை.
வாய் திறப்பதற்குள்
கட்டவிழ்ந்து வந்த காளங்கன்று
முழங்காலுக்குப் பின்னே முட்டி முட்டி
என்னிடம் மடி தேடியது.