ஓஃப்

காலையில் பதினோராம் அறை கீழே இறங்கி வந்து
"த மில்க்ஸ் கோன் ஓஃப்" என்றது.
எங்கே போனது என்று
உண்மையாகவே கதவைத்தான் பார்த்தேன்.
மேசைக்கடியில் ருஸ்னா என் காலை மிதித்தாள்:
பால் திரைஞ்சிட்டுதாம்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவாள்.
புட் ஓஃப், தள்ளிப்போடு.
புட் அப், வீட்டில் தங்கவை.
அதே புட் அப்புக்குப் பின்னால் ஒரு வித் வந்ததும்
விருந்தாளி தொல்லையாகி
பொறுத்துக்கொள் என்றாகிவிடுகிறது.
வினைக்குப் பின்னால் நிற்கும் குட்டிச் சொல்
கோட்டை வாசல் மான்,
எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல ஏலாது.

அலாரம் கோ ஓஃப் என்றால் அடிக்கிறது.
லைட் கோ ஓஃப் என்றால் அணைகிறது.
குண்டுக்கும் அதுதான் என்று வாசித்துவிட்டு
ருஸ்னா பக்கத்தைத் திருப்பினாள்.
அதற்கு எங்களுக்கு உதாரணம் தேவைப்படவில்லை.

ஐப்பசி பிறந்தால் உப்புவெளியில் ஓஃப் சீசன்.
கடல் கலங்கும், கதிரைகளை அடுக்கிக் கட்டுவார்கள்.
லே ஓஃப் மட்டும்
யாரும் சொல்லித்தராமலே விளங்கிற்று.

இன்று ஆறு மணிக்குப் பையை எடுக்கிறேன்.
"யூ ஓஃப்?" என்கிறது பதினோராம் அறை.
ஒருகணம் யோசித்தேன்:
திரையவில்லை, வெடிக்கவில்லை,
இன்னும் நிறுத்தவுமில்லை.
போயிட்டு வாறன் என்றேன், தமிழிலேயே.
அவர் தொலைபேசியில் தட்டித் தேடிப் பார்த்துவிட்டு
நெற்றியைச் சுருக்கினார்:
போறீங்களா, வாறீங்களா?

ருஸ்னா பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.
அவர் காலை மிதிக்க ஆளில்லை.