தபால் செலவு

ஆடி மேல்காற்று
கலியபெருமாள் வீட்டுக் கொல்லையில் கிளம்பி
என் தையல் அறையில் வந்து முடிகிறது.
இடையில் ஒரு மதில்,
ஒரு ஜன்னல்,
பழஞ்சேலையை நாலாக மடித்துக் கட்டிய திரை.
எதுவும் அதற்குப் பொருட்டில்லை.

மாலை ஆறு. நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தும் மணி.
அவர் கைலியை மடித்துக் கட்டி
குவியலின் அடியில் தீக்குச்சி வைப்பார்.
எரிந்தாலும் பரவாயில்லை. எரியாது.
ஈர இலை முனகும்,
பிறகு வெள்ளையாய், கனமாய்,
யாரோ பஞ்சு மூட்டையை அவிழ்த்துவிட்டதுபோல் வரும்.

ஆவணி முகூர்த்தத்துக்குத் தைத்த
பதினோரு ஜாக்கெட்டும் அறையில் தொங்கின.
பூவனூர்ப் பெண் தன்னுடையதை வாங்கி
கைமடிப்பில் மூக்கை வைத்தாள்.
"அக்கா, இத மெஷின்ல தச்சீங்களா
சூளையில தச்சீங்களா?"
கூலியில் ஐம்பது குறைத்துக்கொண்டேன்.
அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்:
இடுப்பு முப்பத்திநாலு, கைநீளம் ஒன்பது,
கலியபெருமாள் ஐம்பது.

காஜா எடுக்கும்போதெல்லாம்
சண்டைக்கு ஒத்திகை பார்த்தேன்.
முதல் வசனம் மரியாதையாகத் தொடங்கும்.
மூன்றாவதில் அவர் பரம்பரை வந்துவிடும்.
வாயில் குண்டூசி இருந்ததால்
எதையும் உரக்கச் சொல்லவில்லை.

பேரூராட்சியில் மனு கொடுத்தேன்.
ஒருவர் வந்தார், பார்த்தார், மோர் குடித்தார்,
அவர் வீட்டில் ஒரு டம்ளர், என் வீட்டில் ஒன்று.
இரண்டு நாள் வானம் சுத்தம்.
மூன்றாம் நாள், இரவு பத்தரைக்கு,
தலையணை உறைக்குள் வந்தது புகை.

அப்போதுதான் போனேன். செருப்புகூடப் போடவில்லை.
குச்சியால் கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.
ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை,
இருமல்தான் வந்தது.
குனிந்து ஒரு இலையை எடுத்து நீட்டினார்.
உள்ளங்கையை விடப் பெரிது, ஓரம் சிவந்தது.
"இது எந்த மரம், தெரியுதா?"
நிமிர்ந்தேன்.
மதிலுக்கு மேலே, தெருவிளக்கு வெளிச்சத்தில்,
என் வாதாம் மரம்
இரண்டு முழங்கையையும்
அவர் கொல்லைக்குள் ஊன்றி நின்றது.

"உங்க எலதான். உங்களுக்கே அனுப்புறேன்.
தபால் செலவு என்னுது."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
சிரித்தால் ஐம்பது ரூபாய் போய்விடும்.

கிளையைக் கழிக்கலாம் என்றேன்.
எருமைக்கு நிழல் போயிடும் என்றார்.
குழி வெட்டி மூடலாம் என்றார்.
அவர் மண்வெட்டி, என் ஞாயிற்றுக்கிழமை.
ஆவணியும் புரட்டாசியும் குழி
இலைகளைச் சத்தமில்லாமல் தின்றது.
ஐப்பசி அடைமழையில் ஒரே ராத்திரியில் நிறைந்து
கொசு வளர்க்கத் தொடங்கியது.
ஆகவே மறுபடி புகை.
இம்முறை எருமைக்காக,
ஓட்டைச் சட்டியில் வேப்பிலை போட்டு.

ஒன்றுதான் மாறியிருக்கிறது.
கொளுத்துமுன் மிஸ்டு கால் கொடுக்கிறார்.
போனில் அவர் பெயரைப் 'புகை' என்று பதிந்திருக்கிறேன்.
ஒரே ரிங்.
துணிகளை அள்ளி பீரோவில் போட்டுப் பூட்ட
அது போதும்.

இப்போது வாடைக்காற்று.
புகை தெற்கே போகிறது,
ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற
எபனேசர் சார் வீட்டுக்கு.
நேற்று அவர் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார்,
கண் சிவந்திருந்தது.
"மொத மொத புகார் பண்ணது நீங்கதானாமே.
முதல் கையெழுத்து நீங்க போடுங்க."
நியாயமான மனு. ஒரு எழுத்துப்பிழை இல்லை.
பேனாவைக் கையில் கொடுத்தார்.
தையல் மெஷின் மேல்
புகை அழைத்தது.
ஒரு ரிங்.

காற்று இந்தப் பக்கம் இல்லை, தெரியும்.
"துணி காயுது சார், எடுத்துட்டு வந்துடுறேன்"
என்று எழுந்து போனேன்.
பேனா அவருடையது என்பது
கொடிக்கயிற்றடியில்தான் ஞாபகம் வந்தது.