ஐந்தாவது

குளிர்பெட்டியில் இன்சுலினுக்குப் பக்கத்தில்
அவற்றின் ஜாடி.
இரவுப் பணியேட்டில் நான் எழுத வேண்டியது:
எடுத்தவை எத்தனை, திரும்பியவை எத்தனை.

பதினான்காம் கட்டிலில் அகுஸ்டின் நேட்செல்,
ஹெல் முனையின் மீனவர்.
வலையிழுக்கும் பொறி தின்ற கட்டைவிரலை
ஐஸில் புதைத்து, மீன்பெட்டியில்
தானே சுமந்து வந்தவர்.
ஒன்பது மணி நேரம் தைத்தார்கள்.
உள்ளே போகும் ரத்தத்துக்கு வழி கிடைத்துவிட்டது,
வெளியேறத்தான் இல்லை.
விரல் கத்தரிக்காய் நிறமாகிக்கொண்டிருந்தது.

துளையிட்ட துணி வழியே ஒவ்வொன்றாய் விட்டேன்.
முதலாவது முகம் திருப்பிக்கொண்டது.
ஊசியால் குத்தி ஒரு சொட்டு காட்டிய பிறகே
சம்மதித்தது,
விருந்தில் கெஞ்சவைக்கும் மாப்பிள்ளை போல.

"வலிக்கிறதா?"
"என் பங்காளிகள் இதைவிட வலிக்கக் குடித்திருக்கிறார்கள்."

மூன்று மணிக்கு எண்ணினேன். நான்கு.
போர்வைக்குள், தலையணை உறைக்குள்,
அவருடைய அக்குளில்கூடத் தேடினேன்.
நான்கு.
மெத்தையில் விட்டால் கிடக்குமா அது?
டார்ச்சோடு கட்டிலடியில் நான் தவழ,
மேலிருந்து அவர் சொன்னார்:

"எங்கள் கரையில் சிலர்
தலையில் சவ்வோடு பிறப்பார்கள்.
செத்த பிறகு எழுந்து வருவார்கள்,
சொந்தக்காரரிடமிருந்துதான் தொடங்குவார்கள்.
என் சித்தப்பா அப்படி.
பெட்டிக்குள் ஒரு பழைய வலை வைத்தோம்,
வருஷத்துக்கு ஒரு முடிச்சுதான் அவிழ்க்க முடியும்.
அது போதாதென்று கசகசா ஒரு படி.
எண்ணி முடிக்காமல் எழ முடியாது அவர்களால்."

கொஞ்சம் பொறுத்து,
"நீயும் எழ மாட்டாய் போலிருக்கிறதே."

நான் சிரிக்கவில்லை. வேலை போய்விடும்.

ஐந்தரைக்கு விரல்நுனியை அழுத்திவிட்டேன்.
வெளுத்தது. பிறகு மெல்ல
சிவந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை,
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் காலுறைக்குள், கணுக்காலுக்கு மேல்,
கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வீக்கம்.
எப்போது ஏறியதோ.
தானே கழன்று விழும்வரை காத்திருந்தோம்,
பந்தியில் கடைசி ஆள் எழட்டும் என்று
இலை மடித்து உட்கார்ந்திருப்பவர்களைப் போல.

குடித்தவை ஜாடிக்குத் திரும்பக்கூடாது,
ஆல்கஹாலில் முடியவேண்டும் என்பது விதி.
ஐந்தையும் போட்டு மூடினேன்.
எடுத்தவை ஐந்து, திரும்பியவை ஐந்து.
யாரிடமிருந்து என்று ஏட்டில் கட்டம் இல்லை.

ஏழு பத்து ரயிலில் காலுறை நனைந்துகொண்டே வந்தது.
அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது,
மதியம் வரை ஒழுகும்.
எதிர் இருக்கையில் ஒரு பெண்
கசகசா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.
அவள் மடியில் சிந்தியதில்
பதினேழு வரை வந்திருந்தேன்,
என் நிலையம் போய்விட்டது.